மர்ஜானாவின் மதி: ஒரு மூலமும் பல திரைக்கதைகளும்

நூலொன்றைத் தழுவித் திரைப்படம் எடுக்கப்படும்போதெல்லாம் நம்மிடையே எழும் முதல் வினா, 'படம் மூலத்தை ஒட்டி அமைந்துள்ளதா?' என்பதே. மத்ரஸாக்களில் பயின்றோர்க்கு இவ்வினா பழக்கமானது. மத்னு என்னும் மூலபாடமும், ஷரஹ் என்னும் விரிவுரையும், ஹாஷியா என்னும் ஓரக்குறிப்பும் ஒரே பக்கத்தில் சேர்ந்து அச்சான கிதாபுகளில் ஓதி வந்தவர்கள் அவர்கள். மூலம் ஒன்றாக இருக்க உரைகள் பலவாகப் பெருகுவதையும், ஒவ்வோர் உரையாசிரியரும் தம் காலத்துக்கும் தம் மாணவர்க்கும் ஏற்பப் பொருளை விரிப்பதையும் அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். உரை எதுவரை செல்லலாம், எவ்விடத்தில் அது மூலத்தைக் கைவிட்டதாகும் என்னும் ஆராய்ச்சி அக்கல்வியின் ஒரு பகுதியாகவே விளங்குகிறது.

திரைக்கதையையும் ஓர் உரை எனக் கொண்டு இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்க ஏற்ற கதை ஒன்று தமிழ்த் திரையுலகில் உண்டு. 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' 1941இல் என்.எஸ். கிருஷ்ணனின் நடிப்பில் ஒரு திரைக்கதையாகவும், 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் டி.ஆர். சுந்தரத்தின் இயக்கத்தில் வேறொரு திரைக்கதையாகவும் வந்தது. பதினைந்தே ஆண்டுகளில், ஒரே மொழியில், ஒரே தலைப்பில் இரண்டு படங்கள். வங்காளம், இந்தி, தெலுங்கு, அரபு, ஆங்கிலம், ருஷ்யம் எனப் பிற மொழிகளில் எழுந்தவை இன்னும் பல. அரபு நாட்டுக் கதை என்று உலகம் நம்பும் ஒன்று இத்தனை வடிவங்களை எடுத்தபோது எது மாறியது, மாறியவற்றுள் எது கதையின் உயிரைத் தொட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலம் எது?

மூலத்தோடு ஒப்பிடுவதற்கு முன் மூலம் எதுவெனத் துணிய வேண்டும். 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலில் உள்ள பழைய அரபுக் கதை இது என்பதே பரவலான எண்ணம். ஆனால் அந்நூலின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் அலிபாபா கதை இல்லை. பழமையான சிரியப் பிரதியை அடிப்படையாகக் கொண்டு ஈராக்கில் பிறந்த அறிஞர் முஹ்ஸின் மஹ்தி 1984இல் லெய்டனில் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பிலும் அது இடம்பெறவில்லை.

இக்கதை ஏட்டில் ஏறிய நாளோ நமக்குத் துல்லியமாகத் தெரியும். ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து 1704 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வந்த அந்துவான் கலான், தம் கையிலிருந்த பிரதியின் கதைகள் தீர்ந்த நிலையில், அலெப்போ எனப்படும் ஹலப் நகரிலிருந்து பாரிஸ் வந்திருந்த ஹன்னா தியாப் என்னும் மாரோனியக் கிறிஸ்தவ இளைஞரைச் சந்தித்தார். தியாப் வாய்மொழியாகச் சொன்ன கதைகளைத் தம் நாட்குறிப்பில் சுருக்கி எழுதி வைத்தார். 1709 மே 27ஆம் நாள் குறிப்பில் இருப்பதே அலிபாபா கதை. அச்சுருக்கத்தை அவரே விரித்து எழுதிய வடிவம், 1715இல் அவர் இறந்த பின், 1717இல் வெளியான தொகுதியில் அச்சேறியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டங்கன் பிளாக் மக்டொனால்ட் என்னும் அறிஞர் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இக்கதையின் அரபுப் பிரதி ஒன்றைக் கண்டு 1910இல் பதிப்பித்தார். இழந்த மூலம் கிடைத்தது என்ற மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அப்பிரதி கலானின் பிரெஞ்சு உரையிலிருந்து அரபுக்குப் பெயர்க்கப்பட்டது என்பது பின்னர் நிறுவப்பட்டது. மூலமெனத் தோன்றியது மொழிபெயர்ப்பாகவும், மொழிபெயர்ப்பெனத் தோன்றியதே மூலமாகவும் முடிந்தது. தியாப் தம் முதுமையில் அரபு மொழியில் எழுதிய பயணநூலின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டு, 2015இல் பிரெஞ்சிலும் 2021இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மூன்று நூற்றாண்டுக் காலம் மறைந்து கிடந்த கதைசொல்லியின் பெயர் இப்போதுதான் கற்றோர் நாவில் வழங்குகிறது.

ஆகவே இக்கதையின் ஸனது ஹலபைச் சேர்ந்த ஒரு கதைசொல்லியோடு நின்றுவிடுகிறது. திரையுலக வழக்கில் சொல்வதானால், தியாப் சொன்னது கதை. நாட்குறிப்பில் இருப்பது கதைச்சுருக்கம். 1717இன் அச்சுநூல் அதன் விரிவு. பின்வந்த திரைக்கதைகள் யாவும் இந்த ஒரே ஆவணத்திலிருந்து, நேராகவோ பல கைகள் மாறியோ, பிறந்தவை. அந்த நாட்குறிப்பில் கலான் கதைக்கு இட்ட தலைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அதில் அலிபாபாவின் பெயர் இல்லை. மர்ஜானாவின் சாதுரியங்கள், அல்லது ஓர் அடிமைப் பெண்ணின் திறமையால் நாற்பது திருடர்கள் ஒழிந்த வரலாறு என்னும் கருத்துப்பட அத்தலைப்பு அமைந்துள்ளது. மூலத்தைத் தேடிச் சென்ற நமக்குக் கிடைக்கும் முதற்சான்று இதுவே. கதை மர்ஜானாவுடையது.

மர்ஜானா செய்தவை

மர்ஜான் என்பது அரபியில் பவளத்தைக் குறிக்கும். அர்-ரஹ்மான் அத்தியாயத்தை ஓதுவோர் அனைவரும் அறிந்த சொல் அது. மணிகளின் பெயரை அடிமைகளுக்கு இடுவது அக்கால வழக்கம்.

கலானின் அச்சுவடிவத்தில் அலிபாபா ஓர் ஏழை விறகுவெட்டி, மணமானவன், வளர்ந்த மகன் உடையவன். திருடர்களைக் கண்டதும் மரத்தில் ஏறி ஒளிந்துகொள்கிறான். கேட்ட மந்திரச் சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, அவர்கள் போன பின் குகைக்குள் நுழைகிறான். அவன் செய்யும் பெருஞ்செயல் இவ்வளவே. பேராசை கொண்ட அண்ணன் காஸிம் குகையில் சிக்கிக் கொலையுண்ட பின்னர்க் கதையை நடத்திச் செல்பவள் மர்ஜானா.

கொலையுண்டவனை நோயில் இறந்தவனாக ஊருக்குக் காட்ட வேண்டும். அவள் மருந்துக்கடைக்கு மீண்டும் மீண்டும் சென்று வருகிறாள். பாபா முஸ்தபா என்னும் செருப்புத் தைக்கும் முதியவரைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, வெட்டுண்ட உடலைத் தைக்கச் செய்கிறாள். திருடன் வீட்டுக் கதவில் சுண்ணத்தால் அடையாளமிட்டுப் போனால், அண்டை வீடுகளின் கதவுகளிலும் அதே அடையாளத்தை இட்டுவிடுகிறாள். எண்ணெய் வணிகனாக வந்து தங்கிய தலைவனின் சாடிகளுக்குள் ஆட்கள் ஒளிந்திருப்பதை அறிந்ததும் கூச்சலிட்டு ஊரைக் கூட்டவில்லை. எண்ணெயைக் காய்ச்சி ஒவ்வொரு சாடியிலும் ஊற்றி முடிக்கிறாள். மறுநாள் செய்தியறிந்த அலிபாபா அக்கணமே அவளுக்கு விடுதலை அளிக்கிறான்.

தப்பிய தலைவன் கோஜா ஹுஸைன் என்ற பெயரில் வணிகனாக வேடமிட்டு, அலிபாபாவின் மகனோடு நட்புக்கொண்டு விருந்துக்கு வருகிறான். உப்புச் சேர்த்த உணவை உண்ண மறுக்கிறான். ஒருவன் வீட்டு உப்பைத் தின்றபின் அவனைக் கொல்வது அரபு மரபில் ஆகாத செயல். அவ்வளவு கொடியவனும் அந்த வரம்பை மீறத் துணியவில்லை. அம்மறுப்பைக் கேட்டு ஐயுற்று, வந்தவன் இன்னான் எனக் கண்டுகொள்பவள் மர்ஜானாவே. பின் ஆடல்மகள் வேடத்தில் குறுவாளோடு ஆடி அவனை வீழ்த்துகிறாள். அலிபாபா அவளைத் தன் மகனுக்கு மணம் முடித்து வைக்கிறான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த தமிழருக்கு இவ்விடத்தில் விளக்கம் ஏதும் தேவையில்லை. கடல் கடந்து வந்த கதையொன்று நம் பழமொழியின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறது.

கோமாளியும் வீரனும்

இம்மூலத்தைத் திரைக்கதையாக்க முனைவோர் முதலில் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். தலைப்பில் உள்ளவன் செயலற்றவன். செயல் உடையவள் தலைப்பில் இல்லை. இதனை ஒவ்வொருவரும் எவ்வாறு தீர்த்தனர் என்பதில்தான் திரைக்கதைகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன.

வங்காளத்தில் க்ஷீரோத்பிரசாத் வித்யாவினோத் 1897இல் இக்கதையை ஆடலும் பாடலும் நிறைந்த நாடகமாக்கினார். அதனை மது போஸ் 1937இல் திரைப்படமாக்கியபோது நடனக் கலைஞரான சாதனா போஸ் மர்ஜினாவாக நடித்தார். மூலத்தில் மர்ஜானா ஆடுவது ஒரே ஒருமுறை. அதுவும் கொல்வதற்காகப் பூண்ட வேடம். இந்திய மேடை அந்த வேடத்தையே அவளுடைய இயல்பாக்கிற்று. அவள் பெயரைக் கேட்டதும் நம் மக்களுக்கு ஆட்டம் நினைவுக்கு வருவதன் தொடக்கம் இத்தகைய மேடைகளில் இருக்கிறது.

தமிழில் 1941இல் கலைவாணரும் டி.ஏ. மதுரமும் நடித்து வந்தது நகைச்சுவைப் படம். அதற்கு மறு ஆண்டே, 1942இல், எகிப்தில் டோகோ மிஸ்ராஹி இயக்கிய 'அலீ பாபா வல் அர்பயீன ஹராமீ' வெளிவந்தது. அதில் அலிபாபாவாக நடித்தவர் கெய்ரோவின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் அலீ அல்-கஸ்ஸார். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டுத் திரையுலகங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அலிபாபாவை நகைச்சுவை நடிகரிடம் ஒப்படைத்தது தற்செயலாகலாம். ஆயினும் அது மூலத்துக்குப் பொருத்தமான முடிவு. மரத்தில் ஏறி ஒளிந்துகொள்ளும் அச்சம் மிக்க ஏழைக்குக் கோமாளியின் முகமே ஏற்றது. அவனுக்கு அறிவு சொல்ல அருகில் ஒரு பெண் இருப்பது இத்தகைய படத்தில் எவருக்கும் உறுத்தாது. மதுரமும் கலைவாணரும் இணைந்து நடித்த நகைச்சுவைகளில் மதுரம் அவருக்கு ஈடுகொடுத்துப் பேசி அவரை மடக்குவதைத் தமிழர் விரும்பிக் கண்டனர். அத்தகைய இணை மர்ஜானாவின் கதைக்கு இயல்பாகவே இடம்தரக் கூடியது.

1956 பொங்கலுக்கு வெளியான மாடர்ன் தியேட்டர்ஸ் படம் வேறு வழியில் சென்றது. கேவா கலரில் உருவாகி, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற சிறப்பைப் பெற்றது அது. அலிபாபாவாக எம்.ஜி. இராமச்சந்திரன்; மர்ஜியானாவாக பி. பானுமதி, திருடர் தலைவன் அபூ ஹுசேனாக பி.எஸ். வீரப்பா. அதற்கு ஈராண்டு முன்னர், 1954இல், ஹோமி வாடியாவின் இந்திப் படமும் மகிபாலையும் ஷகீலாவையும் காதலர்களாக்கி வந்திருந்தது. இவ்வழியில் அலிபாபா மணமாகாத இளைஞன், அஞ்சா நெஞ்சன், எளியோர்க்கு அள்ளி வழங்கும் வள்ளல். மர்ஜியானா ஆடல்மகள், அவனுடைய காதலி.

இம்மாற்றம் சிறிதாகத் தோன்றும்; ஆனால் கதையின் அச்சே இதனால் இடம் பெயர்ந்தது. மூலத்தில் மர்ஜானா தன் எசமானின் உயிரைக் காக்கும் ஒவ்வொரு முறையும் தன் நிலையில் ஒரு படி உயர்கிறாள். அடிமையாக இருந்தவள் உரிமை பெறுகிறாள். உரிமை பெற்றவள் அக்குடும்பத்தின் மருமகளாகிறாள். அவளுடைய அறிவுக்குக் கிடைத்த கைம்மாறு விடுதலை. அடிமையை உரிமை விடுதலை எத்துணைப் பெரிய நற்செயல் என்பதை அறிந்த சமூகத்தில் பிறந்த கதை என்பதற்கு இதுவே அடையாளம். காதலியாக்கப்பட்ட மர்ஜியானாவுக்கு இந்தப் பயணம் இல்லை. அவள் செய்வது காதலனுக்குச் செய்யும் உதவி. அதற்கு ஊதியம் காதல். கதையின் முடிவையும் நாயகனும் வில்லனும் மோதும் மோதலே தீர்மானிக்கிறது. பானுமதி என்னும் ஆளுமை மிக்க நடிகை அப்பாத்திரத்துக்குக் கொடுத்த மிடுக்கினால் இக்குறை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் மிடுக்கு நடிப்பில் வந்ததேயன்றித் திரைக்கதையில் வந்ததன்று.

பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. கோஜா ஹுஸைன் என்பது மூலத்தில் தலைவன் பூண்ட பொய்ப்பெயர். அவனுடைய உண்மைப் பெயரை மூலம் சொல்வதில்லை. தமிழில் அபூ ஹுசேன் என்பது அவனுடைய இயற்பெயராகவே அமைந்துவிட்டது. வேடத்தின் பெயர் பல கைகள் மாறி ஆளின் பெயராக நிலைத்தது. ஓர் ஆவணத்திலிருந்து படிப்படியாக வடிவங்கள் பிறக்கும்போது இத்தகைய சிதைவுகள் நேர்வதைக் கையெழுத்துப் பிரதிகளை ஒப்புநோக்குவோர் நன்கறிவர். படியெடுப்பவர் செய்த பிழையைக் கொண்டே ஒரு பிரதி எந்தக் கிளையைச் சேர்ந்தது என அவர்கள் துணிவார்கள். திரைக்கதைகளுக்கும் அம்முறை பொருந்துகிறது.

எள்ளும் எண்ணெயும்

இத்தகைய சிதைவுகளுள் மிகப் புகழ்பெற்றது குகையின் மந்திரம். பேரையூர், டி. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி எனப் பரந்த எங்கள் சமவெளியில் எந்தச் சிறுவனும் பூட்டிய கதவின் முன் நின்றால் 'திறந்திடு சீசே' என்பான். அவன் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. அச்சொல் தமிழின் பொதுச்சொத்தாகிவிட்டது. ஒரு திரைக்கதை மொழிக்குச் செய்த கொடை என்று அதனைப் பாராட்டவே வேண்டும்.

ஆயினும் சீசே என்பது யாது? அரபு இலக்கண வகுப்பில் ஏவல் வினைக்கு எடுத்துக்காட்டாக 'இஃப்தஹ் யா ஸிம்ஸிம்' என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களிடம் பொருள் கேட்பது எனது வழக்கம். 'திற' என்பதை உடனே சொல்லிவிடுவார்கள். ஸிம்ஸிம் என்பது வீட்டில் நாம் நாளும் புழங்கும் எள் என்று சொன்னதும் வகுப்பே வியப்பில் ஆழும். கலான் எழுதிய பிரெஞ்சுச் சொல்லும் எள்ளையே குறிக்கும். அது ஆங்கிலத்தில் ஒலி மாறி, தமிழில் பொருளற்ற ஓசையாக வந்து சேர்ந்தது. மர்ஜானா என்னும் பெயர் மர்ஜியானா ஆனதும் அதே ஐரோப்பிய வழியில்தான்.

பொருள் போனதால் கதைக்கு என்ன இழப்பு? காஸிம் குகைக்குள் பொன்னைக் கண்ட மயக்கத்தில் சொல்லை மறக்கிறான். ஆனால் முற்றாக மறக்கவில்லை. அது ஏதோ ஒரு தானியம் என்பது நினைவிருக்கிறது. வாற்கோதுமையே திற என்கிறான். கதவு அசையவில்லை. வேறு தானியங்களின் பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறான். வறியவன் நினைவில் வைத்திருந்த தானியத்தைச் செல்வன் மறந்துபோனான் என்பதே அக்காட்சியின் கூர்மை. எங்கள் கரிசல் நிலத்தில் அக்காட்சியை எழுதுவதானால் 'கம்பே திற, சோளமே திற, குதிரைவாலியே திற' என்று அவன் கதறுவதாக எழுதலாம். பார்ப்போர் சிரித்துக்கொண்டே அஞ்சுவர். சொல் வெறும் ஓசையாகிவிட்டால் அவன் மறப்பதும் வெறும் ஓசையே. அதில் சிரிப்பு உண்டு, நீதி இல்லை.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தமிழில் எண்ணெய் என்னும் சொல் எள்ளின் நெய் என்பதிலிருந்து பிறந்தது. எள்ளின் பெயரைச் சொல்லிக் கதவைத் திறந்து கொள்ளை சேர்த்தவர்கள், அந்த எள்ளின் பெயரைத் தாங்கிய எண்ணெயாலேயே சாடிகளுக்குள் மாண்டனர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இந்த இயைபு இல்லை. அரபுச் சொற்களிலும் இல்லை. தமிழில் மட்டும், சொல்லின் பிறப்பிலேயே, அது இருக்கிறது. மூலம் தராத ஓர் ஆழத்தைத் தமிழ்த் திரைக்கதை தானே சேர்த்திருக்கக் கூடும். உரை மூலத்தை விஞ்சும் வாய்ப்புகள் இப்படித்தான் வருகின்றன. ஓசையைக் கடன் வாங்கியவர்கள் பொருளைக் கேட்டிருந்தால் அது கையில் கிடைத்திருக்கும்.

அச்சொல் அரபுலகுக்குத் திரும்பிச் சென்ற வரலாறும் சுவையானது. 1979இல் குவைத்தில் தயாராகி அரபு நாடுகளில் ஒளிபரப்பான குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு 'இஃப்தஹ் யா ஸிம்ஸிம்' என்றே பெயரிட்டனர். பழைய அரபுப் பிரதி எதிலும் இல்லாத தொடர் அரபுக் குழந்தைகளின் சொந்தத் தொடராயிற்று.

எல்லை எது?

பிறநாட்டுத் திரைக்கதைகள் இன்னும் தொலைவு சென்றுள்ளன. 1944இல் வந்த ஹாலிவுட் படத்தில் அலிபாபா பாக்தாத் கலீபாவின் மகன். நாற்பது திருடர்கள் ஹுலாகு கானின் படைகளை எதிர்க்கும் நாட்டுப்பற்றாளர்கள். உலகப்போர்க் காலத்து அமெரிக்கா, ஆக்கிரமிப்பை எதிர்க்கும் மறைமுகப் படையைக் குகைக்குள் கண்டது. 1980இல் உமேஷ் மெஹ்ராவும் உஸ்பெகிஸ்தானின் லத்தீஃப் பைஸியேவும் இணைந்து இயக்கிய இந்திய–சோவியத் கூட்டுப்படம், ஒரே கதையிலிருந்து இந்திக்கும் ருஷ்யத்துக்குமாக இரு வடிவங்களைப் பெற்றது. தர்மேந்திராவும் ஹேமமாலினியும் ஜீனத் அமனும் சோவியத் நடிகர்களோடு நடித்தனர். தெலுங்கில் 1970இல் விட்டலாசாரியா என்.டி. ராமராவையும் ஜெயலலிதாவையும் வைத்துத் தம் மாயாஜால முறையில் எடுத்தார்.

இவை அனைத்தையும் மூலத்துக்கு மாறானவை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மூலமே ஒரு கதைசொல்லியின் நாவிலிருந்து ஓர் எழுத்தாளரின் ஏட்டுக்கு மாறிய வடிவமாக இருக்கும்போது, மாற்றத்தைக் குற்றமாகக் கொள்வது முறையாகாது. இங்கே கபர் என்பதையும் ஹிகாயத் என்பதையும் நாம் பிரித்தறிய வேண்டும். நடந்ததை நடந்தவாறு அறிவிப்பது கபர். அதற்கு ஸனது வேண்டும், கூட்டலும் குறைத்தலும் ஆகா. சொல்வோனும் கேட்போனும் கற்பனை என்றறிந்து மகிழ்வது ஹிகாயத். அதில் சொல்வோனுக்கு உரிமை உண்டு.

முதல் வகைக்கு, ஹலபிலேயே பிறந்த இன்னொருவர் சான்றாகிறார். முஸ்தபா அக்காத் 1976இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுக் காலத்தைப் படமாக்கியபோது, ஆங்கிலத்தில் ஒன்றும் அரபியில் ஒன்றுமாக இரு படங்களை அடுத்தடுத்து எடுத்தார். ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தில் ஆங்கிலத்தில் அந்தோணி குவின், அரபியில் அப்துல்லாஹ் கைஸ். ஹிந்தாவாக ஆங்கிலத்தில் ஐரீன் பாப்பாஸ், அரபியில் முனா வாஸிஃப். அண்ணலாரின் உருவம் இரண்டிலும் காட்டப்படவில்லை. நடிகர்கள் மாறினர், மொழி மாறியது, பேச்சின் நடை மாறியது; நிகழ்ச்சிகளின் வரிசை மாறவில்லை. கபரைத் திரைக்கதையாக்குவோர்க்கு உள்ள வரம்பு அது.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்தே செயல்பட்டனர். வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியதாக இலக்கிய வரலாற்று நூல்கள் கூறும். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் கேட்ட வினாக்களும் பெற்ற விடைகளும் என்னும் அரபு நூல் அதற்கு மூலம். அதே மூலம் இலத்தீனிலும் பாரசீகத்திலும் மலாயிலும் சாவகத்திலும் வெவ்வேறு வடிவங்களை எடுத்தது. தமிழ்ப் புலவர் அதனைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். தமிழ் மரபின் அணிகளைச் சேர்த்தார். ஆனால் வினாவும் விடையுமாகிய அதன் கட்டுக்கோப்பைக் கலைக்கவில்லை. கேட்பவர் கேட்டுக் கேட்டு இறுதியில் உண்மையை ஏற்கிறார் என்னும் அச்சு நிலையாக இருந்தது. மற்றவை அந்தந்த மண்ணுக்கு ஏற்ப அமைந்தன. பல வடிவங்களை ஆக்குவோர்க்கு இதனினும் நல்ல இலக்கணம் கிடைப்பது அரிது.

ஹிகாயத்துக்கும் அத்தகைய அச்சு உண்டு. உரிமை உண்டு என்பதால் அச்சு இல்லை என்றாகாது. அலிபாபா கதையில் வலிமையற்றவர்களுள்ளும் வலிமையற்ற ஒருத்தி, ஆயுதமேந்திய நாற்பது பேரைத் தன் அறிவால் வெல்கிறாள் என்பதே அச்சு. பாக்தாத் சேலத்து அரங்கில் எழலாம். விறகுவெட்டி நகைச்சுவை நடிகராகலாம். கதை பாட்டும் கூத்துமாகலாம். அறிவு அவளிடமிருந்து நாயகனின் தோள்வலிக்கு மாறினால், பெயர் எஞ்சும், கதை எஞ்சாது.

நமக்கு உரியது

இக்கதை குறித்து நம் சமூகத்தில் இரு மனநிலைகள் நிலவுகின்றன. இது நம் அரபு இலக்கியத்தின் செல்வம் எனப் பெருமை கொள்வோர் ஒருபுறம். முஸ்லிம்களைத் திருடராகவும் ஆடல்மகளிராகவும் காட்டும் இழிவு என வருந்துவோர் மறுபுறம். இருவரும் ஓர் ஐயத்தைத் தீர்க்காமலே பேசுகின்றனர். ஒரு கிறிஸ்தவ அரபியர் சொல்ல, ஒரு பிரெஞ்சுக்காரர் எழுத, இந்திய மேடைகளும் திரையும் வளர்த்த கதை இது. எவருக்கும் தனியுடைமையன்று.

வருந்துவோர் ஒன்றைக் கருத வேண்டும். அலிபாபாவின் ஊரில் நாயகன், திருடன், அடிமைப்பெண், செருப்புத் தைப்பவர் என அனைவரும் முஸ்லிம் பெயர் உடையவர்களே. ஆகையால் பெயரைக் கொண்டு எவரையும் நல்லவர் என்றோ தீயவர் என்றோ பார்ப்போர் முடிவு செய்ய இயலாது. அலிபாபா என்னும் பெயர் தாங்கியவனை 1956இல் தமிழ் மக்கள் தம் காவலனாகவே ஏற்றுக் கொண்டாடினர். 'ரோஜா' (1992) போன்ற படங்களுக்குப் பிறகு பெயரே குற்றத்தின் அடையாளமாகும் நிலை தமிழ்த் திரையில் தோன்றியது. அந்நிலையோடு ஒப்பிடுகையில், அட்டையால் செய்த அந்த பாக்தாத்தில் ஒருவகை நேர்மை இருந்தது என்றே கூற வேண்டும்.

பெருமை கொள்வோர் வேறொன்றைக் கருத வேண்டும். பெருமைக்குரியது குகையில் குவிந்த பொன்னன்று. விருந்தினன் உப்பை மறுத்த சொல்லிலிருந்து அவனுடைய உள்ளத்தைப் படித்த ஒரு பணிப்பெண்ணின் கூர்மதியும், அம்மதிக்கு விடுதலையைக் கைம்மாறாக அளித்த அறமுமே பெருமைக்குரியவை. அவற்றைக் காக்காத திரைக்கதை எத்துணை அழகிய தலைப்பாகை சூட்டினும் நம்முடையதாகாது. காக்கும் திரைக்கதையை எந்த மொழியினர் எழுதினும் நாம் உரிமை பாராட்டலாம்.

ஆகவே இக்கதையின் புதிய வடிவம் எதனைக் காண நேர்ந்தாலும் வாசகர்கள் ஆடையையும் அரங்கையும் விட்டு மூன்று பொருள்களைத் தேடிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உப்பு இருக்கிறதா? எண்ணெயைக் காய்ச்சும் கை யாருடையது? இறுதியில் மர்ஜானா விடுதலை பெறுகிறாளா? இம்மூன்றும் இருந்தால், மற்றவை எவ்வளவு மாறியிருப்பினும், 1709இல் ஹலபின் கதைசொல்லி சொல்லக் கேட்ட கதை அதில் உயிரோடு இருக்கிறது. தமிழில் வந்த இரு படங்களின் தலைப்பிலும் அலிபாபாவும் திருடர்களுமே இடம்பெற்றனர். மூன்றாவது திரைக்கதையை எழுதப்போகும் தமிழர் தலைப்பிலேயே மர்ஜானாவை வைத்துத் தொடங்குவாராயின், அது புதுமையன்று. நாட்குறிப்பில் இருந்ததை மீட்டதாகவே அமையும்.